பத்து மணி கேம்ப்புக்கு வராதவங்க

வடசென்னை காசிமேடு மீன்பிடி துறைமுகம் பக்கம் கேன்சர் செக்கப் கேம்ப் போட்டா காலைல பத்து மணிக்கு ஆரம்பிச்சு மதியம் ஒரு மணிக்கெல்லாம் முடிச்சிடுறாங்க. சாமியானா, பிளாஸ்டிக் சேர், டீ, பிஸ்கட் எல்லாம் இருக்கும், வர்ற டாக்டருங்களும் பொறுமையாதான் பேசுறாங்க, அதுல நான் குறை சொல்ல மாட்டேன். ஆனா அந்த கேம்ப் யாருக்கு ரொம்ப தேவையோ அவங்க அந்த நேரத்துல அங்க இருக்கவே மாட்டாங்க. மீன் ஏலம் விடியறதுக்கு முன்னாடி நடக்குது. ஐஸ் உடைக்கிறவங்க, கூடை தூக்குறவங்க, லோடு ஏத்துறவங்க எல்லாரும் ராத்திரியிலயே வேலைல இறங்கிடுறாங்க, பத்து மணிக்கு அவங்க உடம்பு அடிச்சுப் போட்ட மாதிரி வீட்டுல படுத்திருக்கும். ஏலத்துல மீன் வாங்கி விக்கிற அத்தைங்க அந்நேரம் அன்னக்கூடையோட வண்ணாரப்பேட்டை, வியாசர்பாடி, பெரம்பூர்னு தெருத்தெருவா நடந்துட்டு இருப்பாங்க. கேம்ப்புக்கு வர்றது யாருன்னா ரிட்டயர் ஆனவங்க, ஏற்கனவே வருஷா வருஷம் சுகர் டெஸ்ட் எடுக்கிறவங்க, ஸ்கூல்ல புள்ளைய விட்டுட்டு வர்ற வழியில எட்டிப் பாக்குற அம்மாங்க. அவங்களும் வரட்டும், வேணாம்னு யார் சொன்னா. ஆனா சாயங்காலம் ரிஜிஸ்டர்ல ‘இத்தனை பேரப் பாத்தோம்’னு எழுதி முடிக்கும்போது, இதுல மாவா, அதாவது புகையிலை கலந்த பாக்கு, போடுறவங்க எத்தன பேருன்னு தேடிப் பாத்தா விரல் விட்டு எண்ணிடலாம்.

நான் தண்டையார்பேட்டைல பொறந்து வளர்ந்தவ. இந்த மாதிரி கேம்ப்ல பேரு எழுதற வேலைக்கு வாலண்டியரா போவேன், அதனாலதான் இது கண்ணுல பட்டுச்சு. இன்னொரு காரணமும் இருக்கு. எங்க சித்தப்பா துறைமுகத்துல லோடு வேலை பாத்தவரு. கன்னத்துக்கு உள்பக்கம் ஒரு புண்ணு, பல்லு குத்தி வந்ததுன்னு அவரே முடிவு பண்ணிட்டு மெடிக்கல்ல ஜெல் வாங்கித் தடவிட்டு இருந்தாரு, காரம் சாப்பிட முடியலன்னு மோர் சாதத்துக்கு மாறினாரு, அதையும் யாரும் பெருசா எடுத்துக்கல, கழுத்துல கட்டி தெரிஞ்சப்புறம்தான் ஆஸ்பத்திரிக்குப் போனோம், அதுக்குள்ள நாலாவது ஸ்டேஜ். வாய்க்குள்ள இருக்கிற புண்ணுங்க அது. ஸ்கேன் வேணாம், மிஷின் வேணாம், ஒரு டார்ச் லைட்டு போதும் பாக்குறதுக்கு. அத நெனச்சாதான் எனக்கு ஆறவே மாட்டேங்குது.

டார்ச் லைட்டுன்னு சும்மா சொல்லல. திருவனந்தபுரத்துல 1996ல ஒரு பெரிய ஆராய்ச்சி ஆரம்பிச்சாங்க. 13 பஞ்சாயத்து, 35 வயசுக்கு மேல இருக்கிறவங்க. டாக்டருங்க கூட இல்ல, ட்ரெயினிங் குடுத்த ஹெல்த் ஒர்க்கருங்க வீடு வீடா போய் வாயைத் திறக்கச் சொல்லிப் பாத்தாங்க. பாதி இடத்துல பாத்தாங்க, பாதி இடத்துல வழக்கமா என்ன நடக்குமோ அப்படியே விட்டாங்க. 2005ல ரிசல்ட் வந்தப்ப, எல்லாரையும் சேத்து கணக்கு போட்டா சாவு குறைஞ்சதுன்னு உறுதியா சொல்ல முடியல. ஆனா புகையிலையோ குடியோ பழக்கம் இருக்கிறவங்கள மட்டும் தனியா எடுத்துப் பாத்தப்ப, வாய்ப் புற்றுநோயால சாகுறது 34 சதவீதம் குறைஞ்சிருந்துச்சு. விடாம எல்லா ரவுண்டுக்கும் வந்தவங்களுக்கு பலன் இன்னும் அதிகம்னு 2013ல வந்த அடுத்த ரிப்போர்ட் சொல்லுது. இத நம்ம ஏரியாவுக்கு வெச்சுப் பாருங்க. மாவாவும் ஹான்ஸும் பீடியும் குவார்ட்டரும் பழக்கம் இருக்கிற ஆளு வாயைத் திறந்து காட்டினா உயிரு மிஞ்சுது, பழக்கமே இல்லாதவங்க நூறு பேரு வந்து காட்டிட்டுப் போறதுல அவ்ளோ பெரிய மாற்றம் இல்ல. அப்போ கேம்ப் யாரத் தேடிப் போகணும்?

குட்காவுக்கும் பான் மசாலாவுக்கும் தமிழ்நாட்டுல 2013ல தடை போட்டாங்க. கடைல தொங்கிட்டு இருந்த பாக்கெட் சரம் மறைஞ்சுது, பொருள் மறையல. மாவாவுல சீவல், ஜர்தா, சுண்ணாம்பு மூணும் சேந்து இருக்கு. புகையிலை இல்லாத வெறும் பாக்குதானேன்னு சில பேரு சமாதானம் சொல்லிக்குவாங்க, அதுவும் சரி கிடையாது, பாக்கு தனியாவே கேன்சர் உண்டாக்கும்னு உலக சுகாதார நிறுவனத்தோட கேன்சர் ஆராய்ச்சி அமைப்பு 2004லயே அறிக்கை வெளியிட்டாச்சு. எங்க ஆயாக்களுக்கு இத எப்படிச் சொல்றதுன்னுதான் தெரியல, வெத்தலப் பொட்டி இல்லாம அவங்களுக்கு பொழுதே போகாது.

வாய்க்குள்ள என்ன பாக்கணும்ங்கறத இங்கயே சொல்லிடுறேன். துடைச்சாலும் போகாத வெள்ளைத் திட்டு. சிவப்பா வெல்வெட் மாதிரி ஒரு திட்டு, இது இன்னும் மோசம், வெள்ளைய விட சிவப்புக்குதான் சீக்கிரம் போகணும். ரெண்டு வாரம் ஆகியும் ஆறாத புண்ணு, அது வலிச்சாலும் சரி வலிக்கலன்னாலும் சரி, சொல்லப் போனா வலி இல்லாததாலதான் நெறைய பேரு விட்டுடுறாங்க. அப்புறம் வாய் திறக்கிற அளவு. நம்ம மூணு விரல ஒண்ணு மேல ஒண்ணா நிமிர்த்தி வாய்க்குள்ள விட முடியணும், ரெண்டு விரல்தான் போகுதுன்னா கன்னத்து உள்தோல் இறுகிட்டு வருதுன்னு அர்த்தம், பாக்கு போடுற சின்னப் பசங்களுக்கே இப்ப இது வருது. புலாவோ ஃப்ரைட் ரைஸோ வாய்ல வெச்சாலே எரியுதுன்னு சொல்ற இருபது வயசுப் பையனப் பாத்தா, காரம் ஜாஸ்தின்னு ஹோட்டல்காரன திட்டாம அவன் வாய்க்குள்ள எட்டிப் பாருங்க. இதெல்லாமே கேன்சர்னு கிடையாது, பல சமயம் அதுக்கு முந்தின கட்டம், இங்க புடிச்சா பழக்கத்த நிறுத்தி, தேவைப்பட்டா அந்தத் திட்ட மட்டும் எடுத்துட்டு, தொடர்ந்து கண்காணிச்சா போதும். கேன்சரே ஆகியிருந்தாலும் சின்னதா இருக்கும்போது பெரும்பாலும் ஒரு ஆபரேஷனோட முடிஞ்சிடுது. தாடை எலும்பு எடுக்கிறது, கரண்ட் வெக்கிறதுன்னு சொல்ற கதிர்வீச்சு, கீமோ, மூக்கு வழியா கஞ்சி, இதெல்லாம் லேட்டா போனவங்களோட கதை.

ஒரு அண்ணன் இருக்காரு, பேரு வேணாம், போட் இன்ஜின் வேலை பாக்குறவரு. அபூர்வமா ஒரு தடவ கேம்ப்புக்கு வந்தாரு, டாக்டரம்மா கன்னத்துல வெள்ளைத் திட்டு பாத்துட்டு பெரிய ஆஸ்பத்திரிக்கு போகச் சொல்லி சீட்டு எழுதிக் குடுத்தாங்க. நான்தான் ரிஜிஸ்டர்ல ஏத்தினேன். கொஞ்ச நாள் கழிச்சு ஜி.ஏ. ரோடுல பாத்து “போனீங்களாண்ணா”ன்னு கேட்டா, “இன்னாத்துக்குமா போவணும், மாவாவ நிறுத்துன்னு சொல்லுவாங்கோ, அத்த நீயே சொல்லிக்கினுதான கீற. அங்க போனா ஒரு நாள் கூலி போச்சு, சதை டெஸ்ட்டுன்னு அறுப்பாங்கோ, கத்தி வெச்சா பரவிக்கும்னு எங்க மாமியாவே சொல்லுது”ன்னாரு.

இந்த ‘கத்தி வெச்சா பரவிடும்’ங்கற பேச்சு எங்க ஏரியாவுல எத்தன உயிர எடுத்திருக்குன்னு யாரும் கணக்கு எடுக்கல. இது எங்கேருந்து வந்துச்சுன்னு யோசிச்சா புரியுது. முத்திப்போனப்புறம் போறாங்க, சதை டெஸ்ட் எடுக்குறாங்க, அடுத்த சில மாசத்துல ஆளு போயிடுறாரு, பாத்துட்டு இருக்கிற ஜனம் டெஸ்ட்டாலதான் போனாருன்னு முடிச்சுப் போடுது. வாய்ல இருந்து ஒரு அரிசி அளவு சதை எடுக்கிறதால கேன்சர் பரவாது. அந்த அரிசி அளவு சதை இல்லாம எந்த டாக்டரும் இது கேன்சர்னோ கேன்சர் இல்லன்னோ உறுதியா சொல்லவும் முடியாது. நான் அந்த அண்ணன்கிட்ட இதச் சொன்னேன், தலைய ஆட்டினாரு, போகல. கடைசில போக வெச்சது யாருன்னா எங்க தெருவுக்கு பிரஷர் மாத்திரை குடுக்க வர்ற மக்களைத் தேடி மருத்துவம் அக்கா. அந்தத் திட்டம் 2021 ஆகஸ்ட்ல ஆரம்பிச்சது, சுகர், பிரஷருக்கு வீட்டுக்கே வந்து மாத்திரை குடுக்கிறது. அந்தக்கா அவரு சம்சாரத்துக்கு மாத்திரை குடுக்கப் போகும்போதெல்லாம் “சீட்டு எங்க, போனியா”ன்னு கேட்டுக் கேட்டு, ஒரு நாள் அவங்களே கூட்டிட்டுப் போயிட்டாங்க. சதை டெஸ்ட்ல கேன்சர் இல்லன்னு வந்துச்சு, ஆனா அந்தத் திட்டு கேன்சரா மாற வாய்ப்பு இருக்குன்னு எடுத்துட்டாங்க, இப்ப ஃபாலோ அப்ல இருக்காரு.

இதுலதான் நான் முக்கியமா சொல்ல வந்தது இருக்கு. ஸ்க்ரீனிங், அதாவது நோய் முத்தறதுக்கு முன்னாடியே தேடிப் பாக்குறதுன்னா கேம்ப் நாளுன்னு நம்ம நெனச்சிட்டு இருக்கோம். கேம்ப்ல சந்தேகம்னு சொன்ன நிமிஷத்துலருந்து, சதை டெஸ்ட் ரிப்போர்ட் கைக்கு வந்து, ட்ரீட்மென்ட்டோ ஃபாலோ அப்போ ஆரம்பிக்கிற வரைக்கும் இருக்கிற அந்த இடைவெளிலதான் ஆளுங்க காணாம போறாங்க. நான் கூடப் போன ஒரு பெரிய ஆஸ்பத்திரில ஒரு இடத்துல ஓபி சீட்டு, இன்னொரு பில்டிங்ல டெஸ்ட்டு, ரிப்போர்ட் எங்க வரும்னு மூணு பேரு மூணு இடத்தக் காட்டினாங்க, படிச்ச எனக்கே தலை சுத்துச்சு. எழுதப் படிக்கத் தெரியாத ஒரு லோடு வேலை அண்ணன் அங்க தனியா நின்னா என்ன பண்ணுவாரு, வீட்டுக்குத் திரும்பிடுவாரு. அவருக்கு பயம்னு நம்ம சொல்லுவோம், விழிப்புணர்வு இல்லன்னு மீட்டிங்ல பேசுவோம்.

பொம்பளைங்க விஷயத்துக்கு வரேன். 1980கள்ல சென்னைல பெண்களுக்கு வந்த கேன்சர்லயே அதிகம் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்தான், அடையாறு கேன்சர் இன்ஸ்டிட்யூட்ல அப்போலருந்தே சென்னை முழுக்க கணக்கு எடுத்து வெச்சிருக்காங்க. இப்ப அது குறைஞ்சு மார்பகப் புற்றுநோய் முதல் இடத்துக்கு வந்துடுச்சு. குறைஞ்சதுன்னா இல்லாம போயிடுச்சுன்னு அர்த்தம் இல்ல, இன்னமும் சாகுறாங்க, அதுலயும் இது சாகவே தேவையில்லாத நோய். இதுக்குக் காரணமான எச்பிவி வைரஸ் தொத்தினதுலருந்து கேன்சர் ஆகறதுக்கு பத்து இருபது வருஷம் எடுக்குது. அவ்ளோ வருஷம் டைம் குடுக்கிற நோய் வேற எது இருக்கு?

நம்ம திண்டுக்கல் மாவட்டத்துலயே இதுக்கு ஆதாரம் இருக்கு, நிறைய பேருக்குத் தெரியாது. 2000ல ஆரம்பிச்சு, 30லருந்து 59 வயசு வரைக்கும் இருக்கிற பெண்கள நர்ஸுங்களே பாத்தாங்க. கர்ப்பப்பை வாய்ல அசிட்டிக் ஆசிட்டு தடவி ஒரு நிமிஷம் காத்திருந்து பாப்பாங்க, கோளாறு இருக்கிற எடம் வெள்ளையா மாறும், அவ்ளோதான் டெஸ்ட். இத விஐஏன்னு சொல்லுவாங்க. 2007ல வந்த ரிசல்ட்ல, இந்த டெஸ்ட்டுக்கு கூப்பிட்ட ஊருங்கள்ல கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் வர்றது 25 சதவீதம், சாவு 35 சதவீதம் குறைஞ்சிருந்துச்சு. ஒரே ஒரு தடவ பாத்ததுக்கே இது. தமிழ்நாடு அரசு 2007லயே தேனிலயும் தஞ்சாவூர்லயும் முயற்சி பண்ணிப் பாத்து, அப்புறம் மாநிலம் முழுக்க கொண்டு வந்தாங்க. இப்ப 30 வயசு தாண்டின யாரு வேணாலும் ஆரம்ப சுகாதார நிலையத்துல காசில்லாம பண்ணிக்கலாம். மெனோபாஸ் ஆனவங்களுக்கு விஐஏ அவ்ளோ சரியா வராது, அவங்களுக்கு எச்பிவி டெஸ்ட்தான் நல்லது, அதுல நம்மளே பாத்ரூம்ல போய் பஞ்சுக்குச்சி மாதிரி ஒண்ணுல சாம்பிள் எடுத்துக் குடுக்கிற வசதியும் இருக்கு. அது நம்ம ஏரியாவுக்கு வரணும்னு நான் ரொம்ப ஆசப்படுறேன், ஏன்னா மீன் அத்தைங்க ‘காலை விரிச்சுப் படு’ன்னு சொல்ற டெஸ்ட்டுன்னு தெரிஞ்சதும் கூடைய எடுத்துட்டு நடைய கட்டிடுறாங்க. வெட்கம் மட்டும் கிடையாது அது, பிரசவ வார்டுல வாங்கின திட்டு இன்னும் காதுல இருக்கு அவங்களுக்கு.

எச்ஐவி இருக்கிற பெண்களுக்கு இந்த கேன்சர் வர்றதுக்கு ஆறு மடங்கு வாய்ப்பு அதிகம். அவங்களுக்கு 25 வயசுலயே டெஸ்ட்ட ஆரம்பிக்கணும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. எச்ஐவி மாத்திரை வாங்க ஏஆர்டி சென்டருக்கு வர்றாங்கல்ல, அதே நாள்ல அதே எடத்துல இதையும் முடிச்சு அனுப்பினா அவங்க இன்னொரு க்யூல நிக்க வேண்டியதில்ல, இன்னொரு ஆளுகிட்ட தன் கதையச் சொல்ல வேண்டியதில்ல.

மார்பு செக்கப் பத்தி மும்பைல டாடா மெமோரியல் கேன்சர் ஆஸ்பத்திரிக்காரங்க 1998ல குடிசைப் பகுதிங்கள்ல ஆரம்பிச்ச ஆராய்ச்சிய நான் அடிக்கடி நெனச்சுக்குவேன், ஏன்னா அந்த இடங்க நம்ம வடசென்னை மாதிரியேதான். மார்பகத்த எக்ஸ்ரே எடுக்கிற மேமோகிராம் மிஷின் இல்லாம, ட்ரெயினிங் எடுத்த பெண் ஹெல்த் ஒர்க்கருங்க கையால தொட்டுப் பாக்குறது. 20 வருஷ ரிசல்ட் 2021ல வந்துச்சு, 50 வயசும் அதுக்கு மேலயும் இருக்கிறவங்களுக்கு சாவு கிட்டத்தட்ட 30 சதவீதம் குறைஞ்சிருந்துச்சு, அதுக்குக் கீழ இருக்கிறவங்களுக்கு அந்த அளவு பலன் தெரியல. அப்போ எங்க தெருவுல ‘இந்த வயசுக்கு மேல எனக்கு என்னாத்துக்கு’ன்னு சொல்ற ஆயாக்களதான் முதல்ல கூப்பிடணும்.

சின்ன வயசுல வர்றது வேற கணக்கு. எங்க பெரியம்மா பொண்ணுக்கு 40 தாண்டறதுக்கு முன்னாடியே மார்புல கட்டி வந்துச்சு. டாக்டரு “குடும்பத்துல வேற யாருக்காவது இருந்துச்சா”ன்னு கேட்டாரு, எல்லாரும் இல்லன்னு சொன்னாங்க. வீட்டுக்கு வந்தப்புறம் ஆயா மெதுவா சொல்லுது, அவங்க அக்காவும் மார்புல புண்ணு வந்துதான் செத்தாங்கன்னு, இன்னொருத்தர் வயித்துக் கட்டின்னு போனது கர்ப்பப்பையா சினைப்பையான்னு யாருக்கும் தெரியலன்னு. ஏன் சொல்லலன்னா, “பொட்டப்புள்ளைங்க கீதுங்க ஊட்ல, நாளைக்கு மாப்ள ஊட்டுக்காரன் காதுல உழுந்தா கட்டுவானா?” இந்தக் கேள்விக்கு என்கிட்ட சுலபமான பதில் இல்ல, அந்த பயம் நெஜம்தான். ஆனா ஆஸ்பத்திரி ரூமுக்குள்ள, டாக்டருகிட்ட மட்டுமாவது சொல்லியே ஆகணும்.

மார்பகப் புற்றுநோய்ல நூத்துக்கு அஞ்சுலருந்து பத்து பேருக்குதான் அது பரம்பரையா வருது. அதுல முக்கியமானது பிஆர்சிஏ 1, பிஆர்சிஏ 2ங்கற ரெண்டு ஜீன், 1994லயும் 95லயும் கண்டுபுடிச்சது. இதுல கோளாறு இருக்கிற பொண்ணுக்கு வாழ்நாள்ல மார்பகப் புற்றுநோய் வர வாய்ப்பு 60 சதவீதத்துக்கும் மேல, சினைப்பைலயும் வரலாம். அம்மா வழியா மட்டும் இல்லாம அப்பா வழியாவும் இது வரும், புள்ளைங்களுக்குப் போக பாதிக்குப் பாதி சான்ஸ், ஆம்பளப் புள்ளைக்கும்தான். அதனால அத்தைங்களுக்கு என்ன வந்துச்சுன்னும் கேக்கணும், நம்ம ஆளுங்க அம்மா பக்கம் மட்டும்தான் யோசிக்கிறாங்க. ஏற்கனவே கேன்சர் வந்தவங்களுக்கு முதல்ல ஜீன் டெஸ்ட் எடுத்து, அவங்களுக்கு இருந்தா மட்டும் மத்தவங்களுக்கு எடுக்கிறதுதான் சரியான முறை. இருக்குன்னு தெரிஞ்சவங்களுக்கு 25 வயசுலயே எம்ஆர்ஐ ஆரம்பிப்பாங்க, ஏன்னா சின்ன வயசு மார்புல மேமோகிராம் அவ்ளோ தெளிவா காட்டாது. ஒரு நோட்டுல தாத்தா பாட்டி வரைக்கும் யாருக்கு எந்த எடத்துல எந்த வயசுல வந்துச்சுன்னு எழுதி வைங்க. வயசுதான் ரொம்ப முக்கியம், 75ல வந்ததும் 38ல வந்ததும் ஒண்ணு கிடையாது.

இப்ப வாட்ஸப்ல வர்ற ‘ஃபுல் பாடி கேன்சர் பேக்கேஜ்’ நோட்டீஸ் பத்தி. ஆயிரக்கணக்குல வாங்கிட்டு ரத்தத்துல கேன்சர் மார்க்கர் டெஸ்ட், உடம்பு பூரா ஸ்கேன்னு பண்றது. ஆபத்து அதிகம் இல்லாதவங்கள எல்லாம் புடிச்சு இப்படி டெஸ்ட் பண்ணா என்ன ஆகும்னு தென்கொரியாவுல பாத்துட்டாங்க. தைராய்டுக்கு நெறைய பேருக்கு அல்ட்ராசவுண்ட் எடுக்க ஆரம்பிச்சு, 1993க்கும் 2011க்கும் நடுவுல தைராய்டு கேன்சர்னு சொல்லப்பட்டவங்க 15 மடங்கு ஆனாங்க, சாவு அப்படியேதான் இருந்துச்சு. தேவையே இல்லாம கழுத்துல ஆபரேஷன், ஆயுசு முழுக்க மாத்திரை. பிரிட்டன்ல ரெண்டு லட்சம் பெண்கள வெச்சு சினைப்பைக்கு ரத்த டெஸ்ட்டும் ஸ்கேனும் பண்ணிப் பாத்ததுல, சாவு குறையலன்னு 2021ல வந்துடுச்சு. அந்தக் காச குடுக்காதீங்க. ஹெபடைட்டிஸ் பி இருந்து கல்லீரல் சுருங்க ஆரம்பிச்சவங்களா இருந்தா ஆறு மாசத்துக்கு ஒருக்கா வயித்து ஸ்கேன் எடுங்க, அதுக்கு அர்த்தம் இருக்கு. பல வருஷமா பாக்கெட் பாக்கெட்டா ஊதினவங்களுக்கு குறைஞ்ச கதிர்வீச்சு சிடி ஸ்கேன் வெளிநாட்டுல பலன் குடுத்திருக்கு, ஆனா நம்ம பக்கம் டிபி வந்து ஆறின தழும்பு நெறைய பேரு நுரையீரல்ல இருக்கு, அதையும் கட்டியையும் பிரிக்கிறது கஷ்டம், அதனால நெஞ்சு டாக்டரக் கேக்காம நீங்களா போய் எடுக்காதீங்க.

நான் கேக்குறது பெருசா ஒண்ணும் இல்ல. ஹார்பர்ல வலை பின்னுற கொட்டகைல சாயங்காலம் நாலு மணிக்கு ரெண்டு பல் டாக்டர உக்கார வைங்க. ஒரு தடவ அப்படி நடந்துச்சு, எனக்குத் தெரிஞ்ச பல் டாக்டர் பொண்ணு ஒருத்தி ஃப்ரெண்டுங்களோட வந்தா, பேனர் கிடையாது, மைக் கிடையாது. தூங்கி எழுந்து டீ குடிக்க வந்த ஆளுங்க எல்லாம், ஒருத்தன் வாயைத் திறந்ததப் பாத்துட்டு இன்னொருத்தன்னு, கிண்டல் பண்ணிக்கிட்டே வரிசைல நின்னாங்க. பகல் கேம்ப்புங்கள்ல நான் பாக்காத முகங்க அத்தனையும் அங்க இருந்துச்சு. மீன் அத்தைங்களுக்கு மதியம் வியாபாரம் முடிஞ்சு வர்ற நேரம், பொண்ணுங்க மட்டும் இருக்கிற ஒரு ரூம். சந்தேகம்னு சீட்டு எழுதினா அதோட ஒரு ஆளோட பேரும் போன் நம்பரும், அந்த ஆளு கூடவே ஆஸ்பத்திரிக்கு வரணும், ரிப்போர்ட் வாங்கற வரைக்கும் விடக்கூடாது. மாத்திரை குடுக்க வீட்டுக்கு வர்ற அக்காங்களுக்கு இந்த வேலையக் குடுத்து அதுக்கு தனியா சம்பளமும் குடுத்தா போதும், அவங்களுக்குத்தான் எந்த வீட்டுல யாரு எப்ப இருப்பாங்கன்னு தெரியும்.

அதுவரைக்கும், ஏற்கனவே கைல சீட்டு வெச்சுட்டு போகாம இருக்கிறவங்க யாராவது இதப் படிச்சா, இல்ல உங்க வீட்டுல அப்படி ஒருத்தர் இருந்தா: ஸ்டான்லி கவர்மென்ட் ஆஸ்பத்திரிக்கோ ஜிஹெச்சுக்கோ காலைல ஓபி நேரத்துக்கே போயிடுங்க. அந்த சீட்டு, ஆதார், ரேஷன் கார்டு, முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டை, பழைய ரிப்போர்ட் எல்லாத்தையும் ஒரே கவர்ல போடுங்க, காப்பீட்டுல ஒரு குடும்பத்துக்கு வருஷத்துக்கு அஞ்சு லட்சம் வரைக்கும் இருக்கு, அட்டை இல்லாதவங்க விஏஓகிட்ட வருமானச் சான்று வாங்கற வேலைய இப்பவே ஆரம்பிங்க. சதை டெஸ்ட் எடுத்த அன்னிக்கே ரிப்போர்ட் எந்த ரூம்ல, எந்தக் கிழமை வரும்னு கேட்டு சீட்டு பின்னாடி எழுதி வாங்கிக்கோங்க. தனியா போகாதீங்க. கூட வர யாரும் இல்லன்னா உங்க தெருவுக்கு மாத்திரை குடுக்க வர்ற அக்காவக் கேளுங்க, வருவாங்க.